நடுநிலை தவறா அறிஞர்

தொண்டிக் கடலில் படகு செலுத்துவோர் காற்றின் போக்கறிந்தே கலம் நடத்துவர். ஞாயிற்றிலிருந்தும் இடைவிடாது ஒரு காற்று வீசுகின்றது. அது நாம் உயிர்க்கும் காற்றன்று. மின்னூட்டம் பெற்ற நுண்துகள்களின் ஓட்டம். அதனைக் கதிரவக் காற்று என்பர். அவ்வுண்மையை உலகம் அறியத் துணைநின்ற தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகர் ஆவார்.

அவர் 1910ஆம் ஆண்டில் இலாகூரில் பிறந்தார்; சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930இல் மேற்படிப்பிற்காக இங்கிலாந்து சென்றார். எரிபொருள் தீர்ந்து ஒடுங்கிய விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டெனக் கணக்கிட்டுக் கண்டார். 1935இல் இலண்டன் அறிஞர் அவையில் அதனை எடுத்துரைத்தார். புகழ்பெற்ற எடிங்டன் அதனை எள்ளி நகையாடினார். பெரியவரின் புகழுக்குமுன் இளைஞரின் சொல் எடுபடவில்லை. எனினும் சந்திரசேகர் மனந்தளராது, 1937இல் அமெரிக்கா சென்று சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

1952 முதல் 1971 வரை அவர் வானியற்பியல் ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியராக விளங்கினார். 1958இல் யூஜீன் பார்க்கர் என்னும் இளைஞர் ஒரு கட்டுரை விடுத்தார். ஞாயிற்றின் வெளிமண்டலம் பத்து இலட்சம் பாகைக்கும் மேற்பட்ட வெப்பமுடையதாதலின் ஓரிடத்தில் அடங்கி நில்லாது, பெருவேகத்தில் வெளியே பாயும் என்பது அவர் கருத்து. கட்டுரையை ஆய்ந்த அறிஞர் இருவரும் அதனைத் தள்ளினர். சந்திரசேகருக்கும் அக்கருத்தில் உடன்பாடு இல்லை. ஆயினும் கணக்கில் பிழை எதனையும் எவரும் காட்டவில்லை. ஆதலின் தம் விருப்பு வெறுப்பை ஒதுக்கி, அவர் அதனை வெளியிட்டார். 1962இல் வெள்ளிக்கோளை நோக்கிச் சென்ற மாரினர் 2 என்னும் விண்கலம், அக்காற்று உண்மையே என மெய்ப்பித்தது.

பாய்பொருள்களின் கொந்தளிப்பையும் சந்திரசேகர் ஆராய்ந்தவர். கதிரவக் காற்றிலும் அத்தகைய கொந்தளிப்பு உண்டு. ஞாயிற்றின் அருகில் அலைகள் பெரும்பாலும் வெளிநோக்கியே செல்கின்றன. தொலைவு மிகமிக எதிர்த்திசை அலைகளும் கலக்கின்றன. பெருஞ்சுழிகள் சிறுசுழிகளாக உடைகின்றன. இறுதியில் அவற்றின் ஆற்றல் வெப்பமாகின்றது. அதனால், விரிந்து செல்லும் அக்காற்று நாம் எதிர்பார்க்கும் அளவிற்குக் குளிர்வதில்லை.

1983இல் சந்திரசேகர் நோபெல் பரிசு பெற்றார், 1995இல் மறைந்தார். 2018இல் ஞாயிற்றை ஆராய ஏவப்பட்ட விண்கலம் பார்க்கரின் பெயரைத் தாங்கியுள்ளது. தமக்குக் கிடைக்காத நடுநிலையைப் பிறர்க்கு வழங்கிய சந்திரசேகரின் பெருந்தன்மை, மாணவர்கள் என்றும் போற்றிப் பின்பற்றத்தக்கது.