டூப்ளேயும் புதுவை மண்ணும்

புதுவை நகருக்கு மேற்கே வில்லியனூரும் தெற்கே பாகூரும் அமைந்துள்ளன. இரண்டும் நீர்வளமும் நிலவளமும் உடைய பழம்பதிகள். வில்லியனூரில் திருக்காமேசுவரர் திருக்கோயில் ஓங்கி நிற்கின்றது; அதன் அருகே சங்கராபரணி ஆறு பாய்கின்றது. பாகூரோ பேரேரி சூழ்ந்த நெல்வயல்களால் புதுவையின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்றது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் அங்கு ஒரு கல்விச்சாலை விளங்கியதையும், அதற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பெற்றதையும் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. இத்தகைய பழம்பெரும் மண், பதினெட்டாம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்த ஒருவரின் பேராசைக்கு முதற்படியாயிற்று. அவரே புதுவையின் ஆளுநராக விளங்கிய டூப்ளே என்பவர்.

டூப்ளே 1697-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் வடபகுதியிலுள்ள லாந்த்ரசி என்னும் ஊரில் பிறந்தார். அவர் தந்தையார் செல்வர். வாணிகத்தில் நாட்டம் மிக்கவர். மைந்தரோ கணிதத்திலும் அறிவியலிலும் மனத்தைப் பறிகொடுத்திருந்தார். அவரை வணிகராக்க விரும்பிய தந்தையார், 1715-இல் அவரைக் கடற்பயணம் அனுப்பினார். கடலும் புதிய நாடுகளும் இளைஞரின் உள்ளத்தை மாற்றின. 1722-இல் அவர் பிரெஞ்சு வாணிகக் குழுவின் அலுவலராகப் புதுவைக்கு வந்து சேர்ந்தார். பின்னர் வங்கத்திலுள்ள சந்திரநாகூரின் தலைவராக அமர்ந்து, பத்தாண்டுக் காலம் பணிபுரிந்தார். தளர்ந்து கிடந்த அவ்வூரின் வாணிகம் அவர் முயற்சியால் தழைத்தது. 1741-இல் ழான் என்னும் அம்மையாரை மணந்தார். புதுவையிலேயே பிறந்து வளர்ந்த அவ்வம்மையார் தமிழ் அறிந்தவர். கணவரின் அரசியற் செயல்களுக்கு உறுதுணையாக இருந்தவர்.

1742-இல் டூப்ளே புதுவையின் ஆளுநரானார். அப்பொழுது பிரெஞ்சுக்காரருக்குப் புதுவையைச் சுற்றி இருந்த நிலம் மிகச் சிறிது. இந்நாட்டுத் துணிகளை வாங்குவதற்கு ஐரோப்பாவிலிருந்து வெள்ளியைக் கப்பலேற்றிக் கொணர வேண்டியிருந்தது. கப்பல் வரத் தாமதமானால் வாணிகம் படுத்துவிடும். இந்நிலையை டூப்ளே எண்ணிப் பார்த்தார். நிலம் கைக்கு வந்தால் அதன் வரி வரும். அவ்வரியைக் கொண்டே துணி வாங்கலாம். படையையும் நடத்தலாம் என்று அவர் கணக்கிட்டார். வாணிகம் செய்ய வந்தவர் நாடாள எண்ணியது இவ்வாறுதான்.

அதற்கேற்ற காலமும் வாய்த்தது. 1746-இல் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைக் கைப்பற்றியது. அதனை மீட்க ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் அனுப்பிய பெரும்படையை, அடையாற்றின் கரையில் ஒரு சிறு பிரெஞ்சுப் படை முறியடித்தது. அப்படையில் ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற இந்நாட்டுச் சிப்பாய்களும் இருந்தனர். எண்ணிக்கையைவிடப் பயிற்சியே வலியது என்பதை டூப்ளே கண்டுகொண்டார். 1748-இல் ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டபோது, அவரே முன்னின்று நகரைக் காத்தார். பகைவர் பயனின்றித் திரும்பினர். ஆயினும் அம்முற்றுகைக் காலத்தில் மக்கள் போற்றி வழிபட்ட வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது அவர் ஆட்சிக்கு நீங்காத மாசாக நிலைத்துவிட்டது. வெற்றிக் களிப்புக்கு நடுவிலும் ஊர்மக்கள் உள்ளம் புண்பட்டிருந்ததை, அவருடைய துபாசியாகிய ஆனந்தரங்கப்பிள்ளை எழுதிய நாட்குறிப்பால் அறிகிறோம். 1736 முதல் 1761 வரை எழுதப்பெற்ற அந்நாட்குறிப்பு, தமிழர் ஒருவர் அக்காலத்தை அருகிருந்து கண்டு எழுதிய அரிய வரலாற்றுச் செல்வமாகும்.

1748-இல் ஐதராபாத்து நிசாம் இறந்தார். அவருக்குப்பின் அரியணை யாருக்கு என்பது பற்றி மகனாகிய நாசர் சங்குக்கும் மகள் வழிப் பேரனாகிய முசபர் சங்குக்கும் போட்டி எழுந்தது. ஆர்க்காட்டிலோ அன்வருத்தீனுக்கு எதிராகச் சந்தா சாகிபு கிளம்பினார். டூப்ளே முசபர் சங்குக்கும் சந்தா சாகிபுக்கும் துணைநின்றார். 1749-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் ஆம்பூரில் நடந்த போரில் அன்வருத்தீன் மடிந்தார். வென்றவர்கள் புதுவைக்கு வந்து டூப்ளேயைக் கண்டு மகிழ்ந்தனர். அவர் செய்த உதவிக்கு நன்றியாகச் சந்தா சாகிபு வில்லியனூரையும் பாகூரையும், அவற்றைச் சார்ந்த ஏறத்தாழ 80 சிற்றூர்களையும் பிரெஞ்சுக்காரருக்கு அளித்தார்.

கொடுத்தவர் அம்மண்ணில் ஏர் பிடித்தவர் அல்லர், பெற்றவரும் அல்லர். அம்மண்ணில் உழுது விதைத்து வாழ்ந்த குடிகளை ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. முன்னர் நவாபுக்குச் சென்ற வரி இப்பொழுது பிரெஞ்சுக் குழுவுக்குச் சென்றது. வரி தண்டும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. ஆள்பவர் மாறினாரேயன்றி, உழவரின் சுமை மாறவில்லை.

டூப்ளேயின் புகழ் இதன்பின் விரைந்து உயர்ந்தது. 1750-இல் அவருடைய தளபதி புசி, ஏறுதற்கரிய செஞ்சிக்கோட்டையைக் கைப்பற்றினார். அவ்வாண்டின் இறுதியில் நாசர் சங்கு கொல்லப்பட, முசபர் சங்கு நிசாமானார். கிருட்டிணை ஆற்றுக்குத் தெற்கேயுள்ள நாட்டுக்குத் தம் சார்பாளர் என டூப்ளேயை அவர் அறிவித்தார். வழுதாவூரையும் அதனைச் சார்ந்த ஊர்களையும் சாகீராக வழங்கினார். நவாபுகளைப் போன்ற ஆடை அணிந்து டூப்ளே கொலுவிருந்தார்.

ஆயினும் அவ்வுயர்வு நெடுநாள் நிலைக்கவில்லை. 1751-இல் கிளைவு ஆர்க்காட்டைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கி நின்றார். மறுயாண்டு திருவரங்கத்தில் பிரெஞ்சுப்படை சரணடைந்தது. சந்தா சாகிபு கொல்லப்பட்டார். அதே 1752-இல் பாகூர் வெளியில் நடந்த போரில் ஆங்கிலேயர் வென்றனர். டூப்ளேயின் உறவினரான படைத்தலைவரும் அங்கே சிறைப்பட்டார். நெல் விளைந்த வயல்களில் அன்று குருதி பாய்ந்தது. நன்றிப் பரிசாக வந்த மண்ணே தோல்விக் களமாயிற்று.

பாரிசிலிருந்த வாணிகக் குழுவினர் ஆதாயத்தை எதிர்நோக்கினரேயன்றி ஆட்சியை விரும்பவில்லை. ஓயாத போர்களால் பொருள் கரைவதைக் கண்டு வெறுப்புற்றனர். 1754-இல் கொதே என்பவர் புதிய அதிகாரியாக வந்தார். டூப்ளே பதவி இழந்து, அவ்வாண்டிலேயே தாயகம் திரும்பினார். தம் சொந்தப் பொருளையும் போருக்குச் செலவிட்டிருந்த அவர், அதனைத் திரும்பக் கேட்டு வழக்காடினார். பயன் விளையவில்லை. அன்பு மனைவியும் 1756-இல் மறைந்தார். ஒருகால் அரசர்களை ஆக்கியும் அழித்தும் வந்த அவர், 1763-இல் பாரிசில் வறுமையுற்று உயிர்நீத்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஆங்கிலேயர் புதுவையைப் பிடித்து இடித்துவிட்டனர்.

டூப்ளே மறைந்தபின்னும் வில்லியனூரும் பாகூரும் பிறர் கையில் பொருளாகவே இருந்தன. 1783-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வெர்சேல்சில் செய்துகொண்ட உடன்படிக்கையிலும் இவ்விரண்டு பகுதிகளின் பெயர்கள் இடம்பெற்றன. அவ்வுடன்படிக்கை அமெரிக்க விடுதலைப் போரின் முடிவில் எழுந்ததாகும். மாந்தர் அனைவரும் உரிமையில் ஒப்பானவர் என்று 1776-இல் முழங்கிய அமெரிக்கருக்குப் படையும் பொருளும் தந்து துணைநின்ற நாடு பிரான்சு. 1789-இல் அந்நாடே மனித உரிமைகளை உலகறியச் சாற்றியது. எனினும் 1803-இல் நெப்போலியன் லூசியானா என்னும் அகன்ற நிலப்பரப்பை அமெரிக்கருக்கு விற்றபோது, அந்நிலத்தின் பழங்குடிகளை விற்றவரும் கேட்கவில்லை. உரிமைச் சாசனத்தை வரைந்த செபர்சனின் அரசும் கேட்கவில்லை. உரிமை என்னும் உயர்ந்த சொல், எல்லையை விரிக்கும் ஆசைக்கு முன் வாயடைத்து நின்றது.

ஆனால் ஒருமுறை உலகில் ஒலித்த சொல் வீண்போவதில்லை. பிரெஞ்சு ஆட்சியில் 1880-இல் கொம்யூன்கள் அமைந்தபோது வில்லியனூரும் பாகூரும் தத்தமக்கு மன்றம் பெற்றன. காலம் செல்லச் செல்ல, ஊரார் தேர்ந்தெடுத்த உறுப்பினரே நாட்டின் தலைவிதியை முடிவுசெய்யும் நாளும் வந்தது. 1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள், வில்லியனூரைச் சார்ந்த கீழூரில் மக்கள் பேராளர் 178 பேர் கூடினர். இந்தியாவுடன் இணைய வேண்டும் என 170 பேர் வாக்களித்தனர். 8 பேர் மறுத்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறியது. 1962 ஆகத்து 16-இல் அம்மாற்றம் சட்டப்படி நிறைவெய்தியது. ஒரு குண்டும் முழங்காமல், வாக்குச்சீட்டால் அம்முடிவு எட்டப்பட்டது. 1749-இல் கேளாமற் கொடுக்கப்பட்ட மண், 205 ஆண்டுகளுக்குப்பின் தன் கருத்தைத் தானே கூறிற்று.

டூப்ளே பேராற்றல் வாய்ந்தவர். துணிவும் விடாமுயற்சியும் கூர்த்த மதியும் அவரிடம் நிறைந்திருந்தன. 1870-இல் புதுவையில் நிறுவப்பட்ட அவர் சிலை அவ்வாற்றலை நினைவூட்டுகின்றது. ஆயினும் அவர் கணக்கில் நிலமும் வரியும் படையும் இடம்பெற்றன. அந்நிலத்தில் வாழ்ந்த மக்களின் மனம் இடம்பெறவில்லை. அவர் கட்டிய பேரரசு அவர் கண்முன்னே சரிந்தது. கீழூரில் நிற்கும் நினைவுச்சின்னமோ, குடிகளின் இசைவே ஆட்சிக்கு அடித்தளம் என்னும் உண்மையை வருவோர்க்கெல்லாம் உணர்த்தி வருகின்றது.