சானடோரியம் தந்த டாக்டர்!

குட்டீஸ்... சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் போயிருக்கிறீர்களா? குரோம்பேட்டையைத் தாண்டியதும், 'தாம்பரம் சானடோரியம்' என்ற நிலையம் வரும். ஊர் பெயர் போல இல்லையே என்று யோசித்தது உண்டா?

அது, ஒரு மருத்துவமனையின் பெயர். அதைத் துவங்கியவர், டாக்டர் டேவிட் சவுரிமுத்து.

அந்தக் காலத்தில் காசநோய் என்றாலே மக்கள் நடுங்குவர். அதற்குக் காரணமான கிருமியை, ஜெர்மனியைச் சேர்ந்த ராபர்ட் கோச், 1882ல் கண்டுபிடித்து விட்டார். ஆனால், கிருமியைக் கொல்லும் மருந்து தான் இல்லை. நோயாளியின் பக்கத்தில் போகவே உறவினர்கள் பயந்தனர்.

இங்கிலாந்தில் மருத்துவராக இருந்த சவுரிமுத்து, மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் இல்லம் ஒன்றை நடத்தினார். இத்தகைய இல்லத்துக்குத் தான் சானடோரியம் என்று பெயர். திறந்த ஜன்னல்கள், சுத்தமான காற்று, சத்தான உணவு, முழு ஓய்வு... இவையே அங்கு சிகிச்சை!

கடந்த 1914ல், சென்னையிலிருந்து இங்கிலாந்து சென்ற கப்பலில், கணித மேதை ராமானுஜனும், இவரும் பயணம் செய்தனர். மூன்று ஆண்டுகளுக்குப் பின் ராமானுஜன் நோயுற்றார். காசநோய் என்று கருதிய மருத்துவர்கள், அவரைச் சிறிது காலம் சவுரிமுத்துவின் இல்லத்தில் தங்க வைத்தனர். ஆனால், உடல்நிலை தேறவில்லை. ஊர் திரும்பிய ராமானுஜன், 1920ல், 32 வயதில் மறைந்தார்.

முதல் உலகப்போரில், குளிரிலும் ஈரத்திலும் பதுங்கு குழிகளில் கிடந்த வீரர்கள் பலர், காசநோயுடன் வீடு திரும்பினர். பிரிட்டனில் அவர்களுக்கும் சானடோரியங்களே புகலிடமாயின.

நம் ஊர் ஏழைகளுக்கு அப்படி ஓர் இடம் வேண்டாமா? வயதான காலத்தில் ஓய்வெடுக்காமல், 1928ல், தாம்பரம் அருகே, பச்சைமலை அடிவாரத்தில் சானடோரியம் துவங்கினார் சவுரிமுத்து. முதலில் இருந்தவை, 12 படுக்கைகள் மட்டுமே! 1937ல் அரசு அதை ஏற்றது.

பின், 1943ல், ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. மருந்தை முறையாகச் சாப்பிட்டால், வீட்டிலிருந்தே குணமாகலாம் என்பதை, 1959ல் வெளியான ஆய்வு நிரூபித்தது. அந்த ஆய்வு நடந்ததும் சென்னையில் தான்!

சவுரிமுத்து துவங்கிய இல்லம், இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக வளர்ந்துள்ளது. எய்ட்ஸ் நோயாளிகளைப் பலரும் ஒதுக்கிய, 1990களில், அவர்களையும் அது அரவணைத்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், மறைக்காமல் பெற்றோரிடம் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்குப் பரிசோதனையும், மருந்தும் இலவசம். மருந்தே இல்லாத நாளில் நோயாளிகளைக் கைவிடாதவர் சவுரிமுத்து. மருந்து இருக்கும் நாளில் நாம் யாரையும் ஒதுக்கலாமா குட்டீஸ்?