நோயாளர் கதிரையில் இருந்த வைத்தியர்

1923ஆம் ஆண்டு மே மாதம். இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலிருந்து லண்டன் நோக்கி ஒருவர் காரில் புறப்பட்டார். வயது 30. உடல் மெலிந்து, நரம்புகள் பாதிக்கப்பட்டு, கைகால்களில் பலம் குறைந்திருந்தது. சில நாட்களுக்கு முன்னர் லண்டனில் இருந்த நண்பரிடமிருந்து அவருக்கு ஒரு தந்தி வந்திருந்தது. இன்சுலின் கிடைத்துவிட்டது, அது வேலை செய்கிறது, உடனே திரும்பி வா என்பதுதான் அதன் சாரம்.

அந்த மனிதர் ஒரு வைத்தியர். பெயர் ரொபேட் டானியல் லோரன்ஸ். நண்பர்கள் ரொபின் என்று அழைப்பார்கள். புளோரன்சுக்கு அவர் போனது ஊர் பார்க்க அல்ல. தன்னுடைய முடிவு நெருங்கிவிட்டது என்று தெரிந்தே போயிருந்தார். வீட்டாரின் கண்முன்னே தேய்ந்து சாக விரும்பாமல், தூரத்தில் ஒரு நகரத்தில் சிறிய அளவில் வைத்தியம் பார்த்துக்கொண்டு மிச்ச நாட்களைக் கழிக்கலாம் என்று எண்ணியிருந்தார்.

லோரன்ஸ் 1892 நவம்பர் 18ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் பிறந்தவர். தந்தை தூரிகைகள் செய்யும் தொழில் நடத்தியவர். முதலில் பிரெஞ்சும் ஆங்கிலமும் படித்துப் பட்டம் பெற்றார். லண்டனில் உறவினர் ஒருவரின் துணிக்கடையில் சில காலம் நின்றுபார்த்தார், அது சரிவரவில்லை. ஊருக்குத் திரும்பி மருத்துவம் படித்து 1916இல் சிறப்புச் சித்தியுடன் வெளியேறினார். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து இந்திய எல்லைப் பகுதியில் பணியாற்றினார். வயிற்றளைச்சல் வந்து 1919இல் வீடு திரும்பினார்.

சத்திரசிகிச்சை நிபுணராக வேண்டும் என்பதே அவரது ஆசை. லண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் அதற்கான இடமும் கிடைத்தது. 1920இல் ஒருநாள், காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் செய்யும் சத்திரசிகிச்சையைச் சடலம் ஒன்றில் பழகிக்கொண்டிருந்தபோது, எலும்புத் துகள் ஒன்று தெறித்து வலது கண்ணில் பட்டது. கண் சீழ்ப்பிடித்தது. அதற்காக வைத்தியசாலையில் படுத்திருந்தபோதுதான் அவருக்கு நீரிழிவு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணின் பார்வை திரும்பவில்லை. சத்திரசிகிச்சைக் கனவும் அதோடு முடிந்தது.

இன்சுலின் இல்லாத காலத்தில் இளம் வயதில் வரும் நீரிழிவுக்கு ஒரே சிகிச்சை பட்டினிதான். மாச்சத்து முழுவதும் போகும்வரை திரும்பத் திரும்ப வேகவைத்து நீரை வடித்த மரக்கறிகள், அளந்து வைத்த சிறிதளவு இறைச்சி, அவ்வளவே. அப்படியிருந்தும் மூன்று நான்கு ஆண்டுகளைத் தாண்டுவது அரிது. அந்தக் கணக்கு லோரன்சுக்கு மற்றவர்களை விட நன்றாகத் தெரியும். நோயாளி ஒருவருக்கு இருக்கக்கூடிய சிறிய ஆறுதல், அதாவது முழுவதும் தெரியாமல் இருப்பது, அவருக்குக் கிடைக்கவில்லை. கிங்ஸ் வைத்தியசாலையின் இரசாயன நோயியல் ஆய்வுகூடத்தில் ஹரிசன் என்ற வைத்தியரோடு வேலை செய்தார். பின்னர் புளோரன்ஸ் போனார். 1922 முடிந்து 1923 தொடங்கிய குளிர்காலத்தில் நெஞ்சுச்சளி வந்து நோய் கட்டுமீறியது. அந்த வேளையில்தான் ஹரிசனின் தந்தி வந்தது.

மருந்து ஓரிடத்தில் இருக்க, உயிர் இன்னோர் இடத்தில் காத்திருப்பது என்றால் என்னவென்று இதை வாசிக்கும் பலருக்கு விளக்க வேண்டியதில்லை. இன்சுலின் குப்பியை ஈரத்துணியில் சுற்றி மண்பானைக்குள் வைத்துக் காத்த வீடுகள் நம்மிடையேயும் இருந்தன.

மே 28ஆம் திகதி லோரன்ஸ் வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தார். 31ஆம் திகதி காலையில் முதல் ஊசி ஏற்றப்பட்டது. கனடாவின் டொரொண்டோவில் லியோனார்ட் தொம்சன் என்ற சிறுவனுக்கு உலகின் முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டு அப்போது ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. இரண்டு மாதங்கள் வைத்தியசாலையில் இருந்து எழுந்து நடந்த லோரன்ஸ், அதே வைத்தியசாலையில் இரசாயன நோயியலாளராக நியமனம் பெற்றார். நீரிழிவே இனி அவரது தொழிலாயிற்று.

உயிர் பிழைத்த வைத்தியர்கள் பலர் உண்டு. லோரன்சை அவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது, பிழைத்த பின்னர் நோயாளர்களுடன் அவர் பேசிய விதம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் தானே ஊசி போட்டுக்கொண்டு, தன் சிறுநீரைத் தானே சோதித்துக்கொண்டு வாழ்ந்த அவருக்கு ஒரு விடயம் தெளிவாக விளங்கியிருந்தது. நீரிழிவுக்காரர் வைத்தியரின் முன்னால் இருப்பது சில நிமிடங்கள். மற்ற நேரமெல்லாம் தனக்குத் தானே வைத்தியர். சாப்பாடு பிந்தினால் என்ன செய்வது, காய்ச்சல் வந்தால் ஊசியைக் கூட்டுவதா குறைப்பதா, தூரம் நடந்த பிறகு கைநடுங்கினால் எதை வாயில் போடுவது என்ற முடிவுகளை எடுக்கும்போது பக்கத்தில் வைத்தியர் நிற்பதில்லை. ஆகவே வைத்தியருக்குத் தெரிந்தது நோயாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

1925இல் அவர் எழுதிய ‘த டயபெற்றிக் லைஃப்’ என்ற நூல் வைத்தியர்களுக்கும் நோயாளர்களுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. அந்தக் காலத்தில் இது சாதாரண காரியம் அல்ல. மருந்தின் அளவு, இரத்தத்தில் சீனி கூடுவதன் காரணம், ஊசியின் ஆபத்து எல்லாம் வைத்தியர்களின் அறைக்குள் மட்டும் பேசப்பட்டவை. அவற்றைப் பாண் சுடுபவரும் வீட்டுப் பெண்ணும் படித்து விளங்கும்படி ஒரே புத்தகத்தில் வைத்தார். அது 17 பதிப்புகள் கண்டது. 1929இல் இன்னும் எளிமையாக இன்னொரு சிறு நூலும் எழுதினார்.

உணவு விடயத்தில் அவர் செய்ததைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். நோயாளரிடம் இதைத் தின்னாதே, அதைத் தின்னாதே என்று சொல்லி அனுப்புவது எளிது. லோரன்ஸ் உணவுகளை இரண்டு நிறங்களில் பட்டியலிட்டார். பாண், உருளைக்கிழங்கு, பழம் போன்ற மாச்சத்து உணவுகள் கறுப்பு. முட்டை, இறைச்சி, மீன், பாற்கட்டி போன்றவை சிவப்பு. ஒரு கறுப்புப் பங்கு என்றால் 10 கிராம் மாச்சத்து. பாணில் அது ஏறக்குறைய 20 கிராம் துண்டு. ஒரு சிவப்புப் பங்கு என்றால் ஏழரை கிராம் புரதமும் 9 கிராம் கொழுப்பும். ஒரு கறுப்பும் ஒரு சிவப்பும் சேர்ந்தால் ஒரு ‘வரி’. வைத்தியர் இத்தனை வரிகள் என்று சொல்வார். அந்த வரிகளுக்குள் எந்த உணவை எடுப்பது என்பது நோயாளரின் கையில். இன்று பாண் வேண்டாம், கிழங்கு போதும் என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

இதில் கடுமை இல்லாமல் இல்லை. சமையலறையில் தராசு வேண்டும். ஒவ்வொரு துண்டும் நிறுக்கப்பட வேண்டும். விரும்பியதை விரும்பியபடி சாப்பிட விடலாம் என்று வாதிட்ட வைத்தியர்களுடன் லோரன்ஸ் உடன்பட்டவர் அல்ல. ஆனாலும் அந்தப் பட்டியல் இருவருக்கும் பொதுவான ஒரு மொழியைத் தந்தது. சிறுநீரை நீல நிறத் திராவகத்தோடு சேர்த்துக் காய்ச்சி, அது பச்சையாகிறதா, மஞ்சளாகிறதா, செங்கல் நிறமாகிறதா என்று வீட்டிலேயே பார்த்து எழுதிக்கொண்டு வருபவரிடம், வைத்தியர் கட்டளையிட்டுவிட்டு எழுந்து போக முடியாது. எழுதியதைப் பார்த்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டே ஆகவேண்டும். கிளினிக் கொப்பியை நீட்டி, எண்ணைக் கேட்டு, ஏச்சையும் வாங்கிக்கொண்டு மருந்துக்கு வரிசையில் நிற்கும் நம்மவர்களுக்கு அந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

உடற்பயிற்சி இன்சுலினின் வேலையைக் கூட்டுகிறது என்பதை 1926இல் அவர் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். வயலில் வேலை செய்பவருக்கும் கடையில் இருப்பவருக்கும் ஒரே அளவு ஊசி பொருந்தாது என்பதற்கு இது போதுமான ஆதாரம். இன்ன மனிதர், இன்ன வேலை என்று விசாரிக்காமல் அளவு எழுத முடியாது.

1928இல் டொரீன் பற்சனைத் திருமணம் செய்தார். மூன்று ஆண் பிள்ளைகள் பிறந்தனர். நீரிழிவுள்ள பெண்களின் கர்ப்ப காலம் தாய்க்கும் பிள்ளைக்கும் பேராபத்தாக இருந்த அந்த நாட்களில், வில்பிரட் ஓக்லி என்ற வைத்தியருடன் சேர்ந்து அத்தாய்மாரைக் கவனிக்கும் முறைகளையும் வகுத்தார்.

அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில் ஒருவர் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். கிங்ஸ் வைத்தியசாலையின் நீரிழிவுப் பிரிவுக்குப் பணம் தேவைப்பட்டபோது, வெல்ஸ் 1933இல் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதி உதவி கேட்டார். அடுத்த ஆண்டு இருவரும் சேர்ந்து நீரிழிவுச் சங்கத்தைத் தொடங்கினர். பிரித்தானியாவில் இலவச சுகாதார சேவை வருவதற்கு 14 ஆண்டுகள் முன்னர் அது. பணம் உள்ளவர், இல்லாதவர் எவருக்கும் இன்சுலின் கிடைக்கவேண்டும் என்பது சங்கத்தின் கோரிக்கை. வைத்தியர்களும் நோயாளர்களும் ஒரே சங்கத்தில் உறுப்பினர்களாக, ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். 1935இல் உறுப்பினர்களுக்கென ஒரு சஞ்சிகையும் வந்தது. டயபெற்றிஸ் யூகே என்ற பெயரில் அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது பிரித்தானியாவில் உணவு பங்கீட்டு அட்டைக்கு வந்தது. நீரிழிவுக்காரருக்குச் சீனிப் பங்கால் பயனில்லை. அதை விட்டுக்கொடுத்து, பதிலாக அவர்களுக்கு ஏற்ற உணவுகளைக் கூடுதலாகப் பெறும் ஏற்பாடு செய்யப்பட்டது. போர்க்காலத்திலும் இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு இடமிருந்தது என்பதை, பொருளாதாரத் தடைக்குள் மருந்துக்காக ஏங்கியவர்கள் சற்றுப் பெருமூச்சோடுதான் வாசிக்க முடியும்.

1950இல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் உருவானபோது அதன் முதல் தலைவராக லோரன்ஸ் தெரிவானார். வைத்தியசாலைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற சில காலத்தில் பக்கவாதம் வந்தது. அதன் பின்னரும் தன்னிடம் வரும் நோயாளர்களைப் பார்ப்பதை அவர் நிறுத்தவில்லை. 1968 ஆகஸ்ட் 27ஆம் திகதி லண்டனில் காலமானார். அப்போது வயது 75. மூன்று நான்கு ஆண்டுகள் என்று கணிக்கப்பட்ட நோயுடன் அவர் 48 ஆண்டுகள் வாழ்ந்திருந்தார்.