தமிழ்த் தாத்தா காட்டிய வழி



தமிழ் படிச்சா சோறு போடுமா என்று நம் பாலிங் வட்டாரத் தோட்டங்களில் கேட்பவர் உண்டு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டிலும் ஒரு பையனைப் பார்த்து இப்படித்தான் கேட்டார்கள். அவர்தான் 1855-இல் பிறந்த உ. வே. சாமிநாதையர்.

தகப்பனார் இசைவாணர். மகனும் பாட்டுக்காரனாக வேண்டும் என்பது அவர் ஆசை. இங்கிலீஷ் படித்தால் உத்தியோகம் என்றனர் மற்றவர்கள். வீட்டிலோ வறுமை. ஆனால் பையன் மனசு தமிழையே சுற்றிச் சுற்றி வந்தது. தகப்பனார் என்ன செய்தார் தெரியுமா? குறுக்கே நிற்காமல், 1871-இல் தாமே மகனை மாயூரத்துக்கு அழைத்துப்போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஒப்படைத்தார்!

1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. தமிழ் சோறும் போட்டது. அத்தோடு அவர் உட்கார்ந்துவிடவில்லை. செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். 1887-இல் சீவக சிந்தாமணி, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு என அச்சேற்றினார். 1942-இல் மறையும்வரை அதே தொண்டுதான்.

பெற்றோர்களே, ஆண்டவன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேலையை வைத்திருக்கிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளை டாக்டருக்குப் படிக்குதுன்னு உங்க பிள்ளையையும் விரட்டாதீங்க. அதன் மனசு எதிலே ஓடுதுன்னு பாருங்க. கைபிடித்து அந்த வாசல்வரை கொண்டுபோய் விடுங்க.

மாணவர்களே, எனக்கு இதுதான் பிடிக்கும் என்று சொன்னால் மட்டும் போதாது. தமிழ்த் தாத்தா உழைத்ததுபோல் உழைக்கவும் வேண்டும்.