பைண்டிங் கடையில் வேலை பழகியவர் மின்சாரம் கற்றது எப்படி? மைக்கேல் ஃபாரடேயின் கதை

திருவனந்தபுரம் பி.எம்.ஜி. பகுதியில் இருக்கும் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் குழந்தையைக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? நல்லது. ஆனால் மின்சுற்றைப் பொறுத்தவரை பார்ப்பது பாதிதான். மீதி பாதி, கையால் செய்யும்போது புரியும். மைக்கேல் ஃபாரடே அப்படித்தான் கற்றார்.

1791-ல் லண்டன் அருகே கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 14 வயதில் புத்தக பைண்டிங் கடையில் வேலை பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிப் படித்தார். படித்ததோடு விடவில்லை. 1812-ல் 7 செப்புக் காசுகள், 7 துத்தநாகத் தகடுகள், இடையிடையே உப்புநீரில் நனைத்த காகிதம் என அடுக்கி, சொந்தமாக பேட்டரி செய்தார். அடுத்த ஆண்டே ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது.

1831-ல், கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை அசைத்தால் மின்சாரம் பாயும் என்று காட்டினார். இடுக்கி நீர்மின் நிலையம் இன்று ஓடுவதும் இதே விதியில்தான்.

பெயர் வந்த பிறகும் பிள்ளைகளை மறக்கவில்லை. 1827 முதல் 1860 வரை, 19 கிறிஸ்துமஸ் விடுமுறைகளில் செய்முறையோடு அவர்களுக்குப் பாடம் நடத்தினார். 1867-ல் மறைந்தார்.

நீங்களும் செய்து பாருங்க: செப்புத் துண்டு, உப்புநீரில் நனைத்த காகிதம், துத்தநாகம் பூசிய வாஷர். இந்த வரிசையில் 5 அடுக்கு. ஒரு காகிதம் இன்னொன்றைத் தொடக் கூடாது. அடியில் உள்ள செம்பில் சிவப்பு எல்இடியின் நீளக் கால், உச்சி வாஷரில் குட்டைக் கால்.

எரியலையா? உடனே சரிசெய்து கொடுத்துடாதீங்க. எங்கே தொடர்பு விட்டிருக்கு என்று குழந்தையே தேடட்டும். மின்சுற்று புரிவது அந்தத் தேடலில்தான். சுவர் பிளக் பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.