கல்லைக் கற்ற பெரியார்: ராபர்ட் புரூஸ் பூட்

ஆனி, ஆடித் திங்கள்களிற் குற்றாலம் சென்று அருவியாடி வந்த நம் அன்பர்கள், தென்காசியைத் தழுவி வீசும் தென்மேற்குக் காற்றை நன்கறிவர். உடலைக் குளிர்விக்கும் அக்காற்று மண்ணையும் சுமந்து செல்லும் என்பதை நம்முட் பலர் எண்ணியிரோம். மலைக் கணவாய்களிற் புகுந்துவரும் காற்று அடிவாரத்துச் செம்மண்ணை வாரிச் சென்று கீழ்க்கடற்கரைப் பக்கம் குவித்தமையாலேயே தேரி என்னும் செம்மணற் காடு உண்டாயிற்றென்று கருதியவர் ராபர்ட் புரூஸ் பூட் துரையாவர். கடற்கரை மணலுக்கும் அதிற் பங்குண்டென்பர் பிற்காலத்தார். அத்தேரியிலே கல் பொறுக்கிய அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

பூட், இங்கிலாந்திலுள்ள செல்டனம் என்னும் ஊரில் 1834-ஆம் ஆண்டு பிறந்தார். 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் அமர்ந்து சென்னைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணைகொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவரும், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவருமான பீற்றர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை மணந்தார். மாமனார் மக்கள் வாய்ச்சொற்களைத் திரட்டினார். மருமகனார் வாய்பேசாக் கற்களைத் திரட்டினார்.

1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில், சரளைக்கல் தோண்டிய குழியொன்றில் அவர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது மனிதன் கையாற் செதுக்கிய கோடரி என்று உணர்ந்தார். அவ்வாண்டிலேயே, அவரும் அவருடன் பணிபுரிந்த வில்லியம் கிங்கும் அதிரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகள் பலவற்றைக் கண்டனர். பழங்கற்கால மாந்தர் இந்நாட்டில் வாழ்ந்தனர் என்பதற்குச் சான்று கிடைத்தது. அதிரம்பாக்கத்துக் கருவிகளுட் சில ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என்பது 2011-இல் வெளியான ஆராய்ச்சியின் முடிபு.

நிற்க. தென்காசியும் தூத்துக்குடியும் ஒரே திருநெல்வேலி மாவட்டமாயிருந்த அந்நாளில் பூட் இப்பகுதியை ஆராய்ந்தார். மதுரை, திருநெல்வேலி நிலவியல் பற்றிய அவரது நூல் 1883-இல் வெளிவந்தது. ஜி. யு. போப் ஐயர் பணிபுரிந்த சாயர்புரத்துத் தேரியிலே, பண்டை மாந்தர் செதுக்கிய சிறு கற்றுண்டுகளை அவர் எடுத்தார். தேரியிற் கிடைப்பன பெரும்பாலும் செர்ட்டும் குவார்ட்சும் ஆகும். இவையும், வரிவரியாய் நிறங்காட்டும் அகேட்டும், செந்நிற ஜாஸ்பரும் சிலிக்காவால் ஆகிய ஓரினக் கற்களே. தட்டினாற் கண்ணாடிபோற் பிளந்து கூரிய விளிம்பு தருதலால், இரும்பறியா மாந்தர்க்கு இவை கத்தியும் அம்புமுனையும் ஆயின.

1891-இல் ஓய்வு பெற்ற பின்னரும் பரோடா, மைசூர் சமஸ்தானங்களிற் பணிபுரிந்து, சென்றவிடமெல்லாம் கற்களைத் திரட்டினார். அழகிய கல்லைப் பொறுக்கிப் பேழையில் வைப்பார் உலகிற் பலருளர். பூட்டின் பெருமையோ, எடுத்த கல் எவ்வூரில், எத்தகைய நிலத்திற் கிடைத்தது என்று குறித்து வைத்தமையே. அத்திரட்டைச் சென்னை அருங்காட்சியகத்திற்கென 1904-இல் அரசாங்கம் விலைக்கு வாங்கிற்று. அவர் 1912-இல் மறைந்தார். அவரது நினைவிடம் ஏற்காட்டுத் திருச்சபையில் உள்ளது. திரட்டின் விவரப் பட்டியல்கள் அவர் மறைவிற்குப் பின், 1914-இலும் 1916-இலும் அச்சாயின.

பழங்கற்காலத்திற்கும் புதிய கற்காலத்திற்கும் இடையே மக்கள் தொடர்ச்சி அற்ற நெடுங்காலம் ஒன்று இருந்ததென அவர் கருதினார். அக்கருத்து நிலைபெறவில்லை. அவ்விரு காலங்களுக்கும் இடைப்பட்ட நுண்கருவிக் காலத்தைப் பிற்கால அறிஞர் தெளிந்தனர். சாய்னர், ஆல்சின் என்போர் அவர் தொடங்கிய தேரி ஆய்வைத் தொடர்ந்து, அங்குள்ள நுண்கருவிகளைப் பற்றி 1956-இல் விரித்தெழுதினர். ஆசிரியர் கருத்துப் பிழைபட்டும், இடங்குறித்து வைத்த கல் பிழைபடவில்லை. வந்தவர்க்கெல்லாம் உண்மையை உரைத்து நின்றது.

விடுமுறையில் அருவிக்கரைக்கும் தேரிக்கும் செல்லும் மாணவ நண்பர்கள் இதனை உள்ளத்திற் கொள்ளல் வேண்டும். செதுக்கிய சிறு கல்லொன்று கண்ணிற் படுமாயின், அதனைச் சட்டைப்பையில் இட்டு வருதல் கல்வியாகாது. இடத்தை விட்டுப் பெயர்த்த கல் ஊமையாகும். அதனை அங்கேயே விட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு, அறிந்தார்க்கு அறிவிப்பதே பூட் பெரியார்க்கு நாம் செய்யும் கைம்மாறாம்.