மூப்பரை நம்பி விட்டுச்சென்ற சபை

மாத்தளை மாவட்டத்தில், கலேவெலப் பக்கமாக, வஹாக்கோட்டை என்றொரு கிராமம் இருக்கிறது. புனித அந்தோனியார் திருத்தலத்தால் பெயர்பெற்ற ஊர். அங்குள்ளவர்கள் கண்டி மன்னர் காலத்தில் குடியேறிய போர்த்துக்கேயரின் வழிவந்தவர்கள். இன்று பேசுவது சிங்களம். ஒரு காலத்தில் குருவானவரின் முகத்தையே காணாதிருந்த இத்தகைய சிதறிய ஊர்களை ஒரே சபையாக இணைத்தவர் யோசேப் வாஸ் அடிகளார்.

1651இல் கோவாவின் பெனாலிம் கிராமத்தில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தை 1658இல் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க குருக்களைத் துரத்தினார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை. இதைக் கேள்விப்பட்டுத்தான் வாஸ் 1687இல் கூலியாள் கோலத்தில் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்தார்.

யார் கத்தோலிக்கர் என்று அவருக்குத் தெரியாது. வந்தவர் குருவா, ஒற்றரா என்று சனங்களுக்கும் தெரியாது. கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தார். பக்கத்து வீட்டானை நம்பலாமா என்று யோசித்து வாழ்ந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிறகு சில்லாலையில் தங்கி, இரவுகளில் வீடுகளுக்குள் பூசை வைத்தார். 1689 நத்தார் நாளில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் சுற்றிவளைத்துப் பலரைப் பிடித்தார்கள். வாஸ் தப்பினார்.

புத்தளம் வழியாக 1692இல் கண்டிக்குப் போனவரை, போர்த்துக்கேய உளவாளி என்று சொல்லிச் சிறையில் போட்டார்கள். அங்கேயே சிங்களம் படித்தார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, சொந்தக்காரரே கைவிட்டுப்போன நோயாளிகளை அவரும் மருமகன் யோசேப் கார்வால்யோ அடிகளாரும் மதம் பாராமல் கழுவிப் பராமரித்தார்கள். அதன்பின் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் ஆதரவு அவருக்கு உறுதியானது.

அவர் செபித்து மழை பெய்த கதையைத்தான் பிரசங்கங்களில் அதிகம் கேட்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, போன இடமெல்லாம் அவர் ஆட்களைப் பொறுப்பாக வைத்தது. ஊருக்கொரு மூப்பர், ஓர் அண்ணாவி. ஞாயிறு செபத்தை நடத்துவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்வது, சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, இறந்தவரை அடக்கம் செய்வது எல்லாம் அவர்கள் கையில். குருவானவர் மாதக்கணக்கில் வராவிட்டாலும் அந்த ஊர் கூடும். நோயாளியின் வாசலுக்கு யாராவது போவார்கள். எங்கள் தேவாலயங்களில் மூப்பர் என்ற சொல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் அது திருவிழாக் கணக்கு பார்ப்பவரின் பெயராகச் சுருங்கிவிட்டது.

1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் காலமானார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்றே மடுவுக்குப் போனார். போரில் உறவுகளை இழந்தவர்கள் அங்கே காத்திருந்தார்கள்.

வாஸ் அடிகளாரை அடக்கம் செய்த கண்டித் தேவாலயம் பிற்காலத்தில் அழிந்துபோனது. அவருடைய கல்லறை எந்த இடத்தில் என்று இன்று யாராலும் காட்ட முடியாது.